பன்றியின் கொழுப்பு கெட்டியாக அமைய: கடைசி எட்டு வாரத் தீவனக் கணக்கு

அறுத்த பன்றியைக் குளிர்பதன அறையில் ஓர் இரவு முழுக்கத் தொங்கவிட்ட பிறகும் முதுகுக் கொழுப்பு விரல் பட்டால் அமுங்குகிறது, வெட்டிய இடம் எண்ணெய்ப் பசையாக மின்னுகிறது, தோலுக்கும் கொழுப்புக்கும் இடையில் அடுக்கு பிரிகிறது என்றால் குறை அறுப்பவரிடம் இல்லை. கடைசி இரண்டு மாதம் தொட்டியில் விழுந்த தீவனத்தில் இருக்கிறது. கறிக்கடையில் துண்டு போட்டு அன்றைக்கே விற்றுவிடுகிறவருக்கு இது பெரிய நட்டமில்லை. சாசேஜ், பேக்கன், உப்புக்கண்டம், உருக்கிய பன்றி நெய் என்று அடுத்த கட்டத்துக்குப் போகிறவருக்கு இது முழு நட்டம். மென்மையான கொழுப்பு அரைவையில் துண்டாக நிற்காமல் பசையாக இழுபடும். பேக்கன் சீராகச் சீவ வராது. உறைபெட்டியில் வைத்தாலும் சில வாரங்களில் காறல் வாடை அடிக்கும்.

கீழே வரும் அளவுகள் தமிழ்நாட்டில் வெண்பன்றி வளர்ப்போருக்குக் கிடைக்கும் தீவனப் பொருள்களை வைத்துச் சொல்லப்பட்டவை. தவிடு, நொய், மரவள்ளி, புண்ணாக்குகள், ஓட்டல் கழிவு, கோழிக்கடைக் கழிவு ஆகியவைதான் இங்கே பன்றியின் உடலைக் கட்டுகின்றன.

தின்ற எண்ணெய் அப்படியே படியும்

மாடும் ஆடும் தின்கிற எண்ணெயை அசையூண் வயிற்றில் உள்ள நுண்ணுயிரிகள் பெரும்பாலும் நிறைவுற்ற, அதாவது கெட்டியான, கொழுப்பாக மாற்றிவிடுகின்றன. அதனால் மாடு எதைத் தின்றாலும் அதன் கொழுப்பு ஏறக்குறைய ஒரே மாதிரி கெட்டியாக இருக்கிறது. பன்றிக்கு ஒற்றை இரைப்பை. சூரியகாந்தி எண்ணெயில் உள்ள கொழுப்பமிலம் சிறுகுடலில் உறிஞ்சப்பட்டு, உருமாறாமல் முதுகுக் கொழுப்பில் போய் உட்காருகிறது.

பன்றியின் உடற்கொழுப்புக்கு இரண்டு ஊற்றுகள் உண்டு. ஒன்று, பன்றி தானே செய்துகொள்வது. நொய், மரவள்ளி, சோளம் இவற்றின் மாவுச்சத்தில் தேவைக்கு மிஞ்சியதை அது கொழுப்பாக மாற்றும். பன்றியில் இந்த வேலை நடப்பது முக்கியமாகக் கொழுப்புத் திசுவிலேயே. கோழியில் போல ஈரலில் அல்ல. இப்படிச் செய்யும் கொழுப்பு பால்மிட்டிக், ஸ்டியரிக், ஒலியிக் அமிலங்களால் ஆனது. அது கெட்டியாகவும் வெள்ளையாகவும் இருக்கும். மற்றொன்று தீவனத்தோடு வரும் எண்ணெய். அந்த எண்ணெயில் கொழுப்பை இளக்கும் நிறைவுறாக் கொழுப்பமிலங்களான லினோலிக் அமிலத்தையும் லினோலெனிக் அமிலத்தையும் பன்றியால் செய்யவே முடியாது. ஆகவே அதன் கொழுப்பில் இருக்கும் லினோலிக் முழுவதும் தீவனத்தில் இருந்து வந்ததுதான்.

தீவனத்தில் எண்ணெய் கூடும்போது, பன்றி தானே கொழுப்புச் செய்வதும் குறைந்துவிடுகிறது. லினோலிக் போன்ற பன்மடி நிறைவுறா அமிலங்கள் அந்த வேலையை இன்னும் பலமாக அடக்குகின்றன. ஒரு பக்கம் மென்மையான கொழுப்பு வந்து சேர்கிறது, மறுபக்கம் கெட்டியான கொழுப்பு உற்பத்தி இறங்குகிறது. கொஞ்சம் எண்ணெய் கூடினாலே கொழுப்பின் தன்மை சட்டென்று மாறுவதற்குக் காரணம் இதுதான். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் நிலக்கடலைக் காட்டில் பன்றிகளை மேயவிட்டவர்களின் சரக்கை ஒரு காலத்தில் விலை குறைத்தே வாங்கினார்கள். 1920களில் அந்நாட்டு வேளாண் துறை ஆய்வாளர்கள் கடலையையும் சோயாவையும் தீவனமாகக் கொடுத்துப் பார்த்து, கொழுப்பு மென்மையாவதற்குக் காரணம் அவற்றின் எண்ணெய்தான் என்று உறுதி செய்தார்கள்.

இதே இயல்பை நல்ல விதமாகப் பயன்படுத்துகிறவர்களும் உண்டு. ஸ்பெயினின் ஐபீரியப் பன்றிகள் இலையுதிர்காலக் கடைசியில் இருந்து ஓக் மரத்தின் கொட்டைகளைத் தின்று கொழுக்கின்றன. அந்தக் கொட்டையின் எண்ணெய் ஒலியிக் அமிலம் மிகுந்தது. அதனால் அந்த ஹாமின் (உப்பிட்டு உலர்த்திய பன்றித் தொடையின்) கொழுப்பு வாயில் கரைகிறது. ஆனாலும் லினோலிக் மிகுந்த கொழுப்பைப் போலச் சீக்கிரம் காறுவதில்லை. மென்மை எல்லாம் ஒன்றல்ல. ஒலியிக்கால் வரும் மென்மை வேறு, லினோலிக்கால் வரும் மென்மை வேறு. தவிர்க்க வேண்டியது இரண்டாவதை.

எதில் எவ்வளவு

எண்ணெயின் மொத்த அளவைப் பார்ப்பதைவிட, ஒரு கிலோ பொருளில் எத்தனை கிராம் லினோலிக் இருக்கிறது என்று பார்ப்பதே கணக்குக்கு எளிது. தோராயமான அளவுகள் இவை:

மரவள்ளிச் சில்லு: 1 கிராம்
தேங்காய்ப் புண்ணாக்கு: 2 கிராம்
அரிசி நொய்: 4 கிராம்
எண்ணெய் எடுத்த தவிடு: 4 கிராம்
எண்ணெய் எடுத்த சோயா புண்ணாக்கு: 6 கிராம்
சோளம்: 12 கிராம்
மக்காச்சோளம், கம்பு, கோதுமைத் தவிடு: 20 கிராம்
கடலைப் புண்ணாக்கு (7 சதவீதம் எண்ணெய்): 20 கிராம்
எள்ளுப் புண்ணாக்கு (9 சதவீதம் எண்ணெய்): 40 கிராம்
எண்ணெய் எடுக்காத அரிசித் தவிடு (15 சதவீதம் எண்ணெய்): 50 கிராம்
எண்ணெய் எடுக்காத முழு சோயா: 95 கிராம்

தனி எண்ணெய்களில், கிலோவுக்குத் தேங்காய் எண்ணெய் 20 கிராம், பாமாயில் 100, கோழிக் கொழுப்பு 200, தவிட்டு எண்ணெய் 330, சோயா எண்ணெய் 530, சூரியகாந்தி எண்ணெய் 600 என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்தப் பட்டியலில் கவனம் வைக்க வேண்டிய இடம் தவிடுதான். ஆலையில் கிடைக்கும் பச்சைத் தவிட்டில், அதாவது எண்ணெய் எடுக்காத தவிட்டில், எண்ணெய் 12 முதல் 20 சதவீதம் வரை மாறும். உமி கலந்த தவிட்டில் எண்ணெய் குறைவு, நயம் தவிட்டில் அதிகம். விலை மலிவு, பன்றி விரும்பித் தின்னும் என்பதற்காகத் தீவனத்தில் பாதியைத் தவிடாகவே போடுகிற பண்ணைகளில் கொழுப்பு மென்மையாவது தவிர்க்க முடியாதது. புண்ணாக்கிலும் இதே கவனம் வேண்டும். மரச்செக்கில் ஆட்டிய கடலைப் புண்ணாக்கில் எண்ணெய் 10 சதவீதத்தைத் தாண்டிவிடும். அப்போது கிலோவுக்கு 20 கிராம் என்பதை 30 என்று மாற்றிக் கணக்கிடுங்கள். வாங்குமிடத்தில் எண்ணெய் அளவைக் கேட்டுக்கொள்வது நல்லது. பெரிய பண்ணை என்றால் ஒரு தீவன ஆய்வகத்தில் கொழுப்புச் சதவீதம் மட்டும் பார்த்து வாங்கலாம், செலவு அதிகமில்லை.

வரம்பு எது

60 கிலோ எடையைத் தாண்டிய பன்றிக்குக் கொடுக்கும் தீவனத்தில், கிலோவுக்கு லினோலிக் 16 கிராமுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டால் கொழுப்பு கெட்டியாக அமையும். 20 வரை சமாளிக்கலாம். அதற்கு மேல் போனால் பதப்படுத்தும் வேலைக்கு ஆகாது. ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவு: இத்தாலியின் பார்மா ஹாமுக்கான விதிகள் தீவனத்தின் உலர் எடையில் லினோலிக் 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கின்றன, காலின் கொழுப்பில் லினோலிக் 15 சதவீதம், அயோடின் எண் 70 என்பவை உச்ச வரம்பு.

அயோடின் எண் என்பது கொழுப்பின் நிறைவுறாத் தன்மைக்கான அளவு. எண் கூடினால் கொழுப்பு இளகும். பன்றிக் கொழுப்பில் 70க்குக் கீழ் இருந்தால் கெட்டி, 70 முதல் 74 வரை எல்லைக்கோடு, 75க்கு மேல் மென்மை. தீவனத்தை வைத்தே இதை முன்கூட்டிக் கணிக்க ஒரு வழி உண்டு. தீவனத்தின் கொழுப்புச் சதவீதத்தை அந்தக் கொழுப்பின் அயோடின் எண்ணால் பெருக்கி 10ஆல் வகுங்கள். வந்ததை 0.315ஆல் பெருக்கி 52.4ஐக் கூட்டுங்கள். அதுதான் பன்றிக் கொழுப்பில் எதிர்பார்க்கக்கூடிய அயோடின் எண். எண்ணெய்களின் அயோடின் எண்கள்: தேங்காய் 9, பாமாயில் 52, கடலை 95, தவிடு 100, மக்காச்சோளம் 125, சோயா 130.

இரண்டு கலவைகளைப் போட்டுப் பார்ப்போம்.

முதல் கலவை, 100 கிலோவுக்கு: மக்காச்சோளம் 40, பச்சைத் தவிடு 30, கடலைப் புண்ணாக்கு 18, மரவள்ளி 10, தாது உப்பும் சாதா உப்பும் 2. லினோலிக் கணக்கு: மக்காச்சோளத்தில் 800 கிராம், தவிட்டில் 1,500, புண்ணாக்கில் 360, மரவள்ளியில் 10. மொத்தம் 2,670 கிராம், அதாவது கிலோவுக்கு 26.7 கிராம். கொழுப்பு ஏறக்குறைய 7.3 சதவீதம். சூத்திரத்தில் போட்டால் அயோடின் எண் 76 வருகிறது. பார்வைக்கு நல்ல தீவனம், பன்றியும் நன்றாக வளரும், ஆனால் கொழுப்பு இளகிவிடும்.

இரண்டாவது கலவை: நொய் 35, மக்காச்சோளம் 20, எண்ணெய் எடுத்த தவிடு 20, எண்ணெய் எடுத்த சோயா புண்ணாக்கு 15, தேங்காய்ப் புண்ணாக்கு 8, தாது உப்பும் சாதா உப்பும் 2. லினோலிக் 140, 400, 80, 90, 16 என்று கூட்டினால் 726 கிராம், கிலோவுக்கு 7.3 கிராம்தான். அயோடின் எண் 58 வரும். புரதம் 16 சதவீதத்தை ஒட்டி நிற்கும், கடைசிக் கட்டப் பன்றிக்கு அது போதும்.

இரண்டாவது கலவை தேவைக்கு மேல் கெட்டியான கொழுப்பைத் தரும், செலவும் கூடுதல். அதனால் நடைமுறைக்கு ஏற்றது இதன் நடுவழி: எண்ணெய் எடுத்த தவிடு 20இல் 15ஐ மட்டும் பச்சைத் தவிடாக மாற்றுங்கள். லினோலிக் கிலோவுக்கு 14 கிராமில் நிற்கும். அயோடின் எண் 65 அளவில் வரும். பச்சைத் தவிடு நூற்றுக்குப் பதினைந்து என்பதைக் கடைசிக் கட்டத் தீவனத்துக்கு உச்சமாக வைத்துக்கொள்ளலாம், மற்ற பொருள்களில் எண்ணெய் குறைவாக இருந்தால் மட்டும்.

சேலம், நாமக்கல் பக்கம் இருப்பவர்களுக்குச் சவ்வரிசி ஆலைத் திப்பி (மாவு எடுத்த மரவள்ளிச் சக்கை) மலிவாகக் கிடைக்கும். திப்பியிலும் மரவள்ளியிலும் எண்ணெய் இல்லை என்றே சொல்லலாம், ஆகவே கொழுப்பைக் கெட்டியாக்க இவை நல்லவை. ஆனால் புரதம் மிகக் குறைவு. சோயா புண்ணாக்கைக் கூட்டாமல் இவற்றை அள்ளிப் போட்டால் சதை பிடிக்காது. பச்சை மரவள்ளிக் கிழங்கைச் சில்லாக வெட்டி வெயிலில் நன்றாகக் காயவைத்தே கொடுக்க வேண்டும். அதில் உள்ள சயனைடு நஞ்சு அப்போதுதான் இறங்கும்.

தேங்காய்ப் புண்ணாக்கு நூற்றுக்குப் பத்து வரை நல்லது. அதன் எண்ணெயில் லாரிக், மிரிஸ்டிக் அமிலங்கள் மிகுதி. கொழுப்பை வெள்ளையாகவும் கெட்டியாகவும் ஆக்கும். இங்கே பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் ஒரு விஷயம் உண்டு. பச்சைத் தவிட்டை அப்படியே வைத்துக்கொண்டு, மேலே தேங்காய்ப் புண்ணாக்கையோ பாமாயிலையோ சேர்த்தால் கணக்கு சரியாகிவிடாது. தவிட்டின் லினோலிக் எங்கும் போகவில்லை, அது படியத்தான் செய்யும். புதிதாகச் சேர்த்த எண்ணெய் பன்றி தானே செய்யும் கெட்டிக் கொழுப்பையும் கொஞ்சம் குறைத்துவிடும். முதலில் லினோலிக் வரும் வழியை அடைக்க வேண்டும். அதன் பிறகே மற்றது.

ஓட்டல் கழிவும் கோழிக் கழிவும்

கழிவுத் தீவனத்தில்தான் கணக்கு அதிகம் தப்புகிறது, ஏனென்றால் அதன் எண்ணெய் நாளுக்கு நாள் மாறும். ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக் கழிவும் செவ்வாய்க்கிழமை சாம்பார் சாதக் கழிவும் ஒன்றல்ல. கல்யாண மண்டபக் கழிவில் பொரித்தவை அதிகம். ஓட்டல்கள் பாமாயிலும் சூரியகாந்தி எண்ணெயும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துகின்றன.

ஓர் எடுத்துக்காட்டு. 10 கிலோ ஈரக் கழிவில் உலர் பொருள் இரண்டரை கிலோ என்று வைத்துக்கொள்வோம். அதில் எண்ணெய் 12 சதவீதம் என்றால் 300 கிராம். பாதி பாமாயில், பாதி சூரியகாந்தி என்றால் லினோலிக் 105 கிராம். உலர் பொருளில் கிலோவுக்கு 42 கிராம். 16 என்ற வரம்புக்கு இது இரண்டரை மடங்குக்கும் மேல். இதை அப்படியே கொடுத்தால் பன்றி வேகமாக எடை போடும், கொழுப்பு மட்டும் இளகிப் போகும்.

சரிசெய்யும் வழி இது:

1. கழிவில் இருந்து பிளாஸ்டிக், எலும்பு, பல்குச்சி எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்துவிட்டு, ஒரு பங்கு கழிவுக்கு அரைப்பங்கு தண்ணீர் சேர்த்து அடுப்பில் ஏற்றுங்கள்.

2. 90 டிகிரி வெப்பத்துக்குக் குறையாமல் ஒரு மணி நேரம், கிளறிக்கொண்டே கொதிக்க வைக்க வேண்டும். இது கொழுப்புக்காக அல்ல, நோய்க்காக. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இந்தியாவில் 2020இல் கண்டறியப்பட்டது. 2022இல் பக்கத்து வயநாட்டுக்கும் வந்தது. அந்த நோய்க்கு இங்கே மருந்தில்லை. பன்றி இறைச்சி கலந்த கழிவைக் கொதிக்க வைத்தும்கூடக் கொடுக்காதீர்கள், வாங்கும் இடத்திலேயே ஒதுக்கிவிடுங்கள்.

3. அடுப்பை அணைத்துவிட்டு, கிளறாமல் மூன்று நான்கு மணி நேரம் அப்படியே விடுங்கள். எண்ணெய் மேலே மிதந்து வரும். அகலமான கரண்டியால் அதை வழித்து எடுங்கள். நம் ஊர் வெப்பத்தில் அது கட்டியாகாது, எண்ணெயாகவே மிதக்கும். பொறுமையாக எடுக்க வேண்டும்.

4. எவ்வளவு எண்ணெய் இருக்கிறது என்று பார்க்க, கொதித்த கழிவில் ஒரு கைப்பிடியை உயரமான கண்ணாடிப் புட்டியில் போட்டு வெந்நீர் ஊற்றிக் குலுக்கி, இரவு முழுக்க வையுங்கள். மேலே நிற்கும் எண்ணெய் அடுக்கு எந்த நாள் கழிவு மோசம் என்று காட்டிக்கொடுக்கும். சோற்றோடு ஒட்டிய எண்ணெய் முழுவதும் பிரியாது, உண்மையான அளவு கண்ணுக்குத் தெரிவதைவிட அதிகம் என்பதை நினைவில் வையுங்கள்.

5. கடைசி எட்டு வாரங்களில் கழிவை மட்டும் கொடுக்காதீர்கள். எண்ணெய் வழிக்காத கழிவு என்றால் உலர் பொருள் கணக்கில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடாது. வழித்து எண்ணெயைப் பாதியாகக் குறைத்துவிட்டால் சரிபாதி வரை போகலாம். மீதிக்கு நொய், மரவள்ளி, எண்ணெய் எடுத்த தவிடு, சோயா புண்ணாக்கு.

கழிவில் ஊறுகாய், குழம்பு உப்பு மிகுதியாக இருக்கும். குடிதண்ணீர் எப்போதும் தொட்டியில் நிற்க வேண்டும்; தண்ணீர் இல்லாமல் உப்புக் கழிவைத் தின்ற பன்றிக்கு வலிப்பு வந்து இறந்துவிடும்.

கோழிக்கடைக் கழிவில் தோல், வயிற்றுக் கொழுப்பு இரண்டையும் தனியாகப் பிரித்து விலக்குங்கள். கோழிக் கொழுப்பில் ஐந்தில் ஒரு பங்கு லினோலிக். குடலையும் தலையையும் வேகவைத்துக் கொடுக்கலாம், வெந்த தண்ணீரின் மேல் மிதக்கும் மஞ்சள் கொழுப்பை வழித்த பிறகு. கழிவின் புரதம் உங்களுக்கு வேண்டும், அதன் கொழுப்பு வேண்டாம்.

பலகாரக் கடையில் பலமுறை காய்ந்த எண்ணெயை வாங்கித் தீவனத்தில் ஊற்றுவது வேண்டவே வேண்டாம். லினோலிக் பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும்; கூடவே சிதைவுப் பொருள்கள் சேர்ந்து வைட்டமின் ஈயைத் தின்றுவிடும், இறைச்சியின் ஆயுளும் குறையும்.

கடலோர ஊர்களில் மீன் கழிவும் கருவாட்டுத் தூளும் மலிவு. மீன் எண்ணெயின் நீண்ட சங்கிலி அமிலங்கள் கொழுப்பில் படிந்து, சமைக்கும்போது மீன் வாடை வரவைக்கும். அறுப்புக்கு ஆறு வாரம் முன்பே இவற்றை முழுவதும் நிறுத்திவிட வேண்டும். எண்ணெய் எடுத்த நல்ல மீன் தூள் குட்டிகளுக்குப் போதும், கொழுக்க வைக்கும் பன்றிக்குத் தேவையே இல்லை.

எப்போது மாற்றுவது

இளம் பன்றி சதையைத்தான் முதலில் கட்டுகிறது. 50, 60 கிலோவைத் தாண்டிய பிறகே கொழுப்பு வேகமாகப் படிகிறது. 100 கிலோ பன்றியின் உடற்கொழுப்பில் பெரும்பகுதி இந்தக் கடைசிக் கட்டத்தில் வந்தது. ஆகவே குட்டிப் பருவத்தில் எண்ணெய்த் தவிடும் கழிவும் கொடுத்துச் செலவைக் குறைத்தாலும் பெரிய பாதிப்பில்லை. கொடுக்கும் மலிவுத் தீவனத்தை எல்லாம் 50 கிலோவுக்குள் கொடுத்து முடித்துவிடுங்கள்.

மாற்றுவதற்கு எட்டு வாரம் வேண்டும். ஏற்கெனவே படிந்த லினோலிக் கொழுப்பு எளிதில் கரைந்து வெளியேறாது; புதிதாகப் படியும் கெட்டிக் கொழுப்பு அதன் பங்கைக் குறைக்கிறது, அவ்வளவுதான். நான்கு வாரம் மட்டும் மாற்றினால் முழுப் பலன் கிடைக்காது. அறுப்புக்குப் பத்து நாள் முன்பு நொய்க்கஞ்சி கொடுப்பதால் வயிறு நிறையுமே தவிர கொழுப்பு மாறாது. எட்டு வாரத்திலும் பன்றி நன்றாகத் தின்று எடை போட வேண்டும். தினம் 2.5 முதல் 3 கிலோ தீவனம் தின்று 600, 700 கிராம் ஏறினால் புதுக் கொழுப்பு பழையதை மூடும். தீவனத்தைக் குறைத்துக் கொடுத்தால் புதுக் கொழுப்பே உருவாகாது, பழைய லினோலிக் செறிந்து நிற்கும். மெலிந்த பன்றியின் கொழுப்பு எப்போதும் இளகியே இருப்பதற்கு இதுதான் காரணம்.

எடைக்கல் இல்லாத பண்ணையில் 50, 60 கிலோவைக் கண்டுபிடிக்க அளவு நாடா போதும். முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவையும், காதுகளுக்கு நடுவில் இருந்து வால் அடிவரை நீளத்தையும் மீட்டரில் எடுங்கள். சுற்றளவை அதனாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்கி, பிறகு 69.3ஆல் பெருக்கினால் எடை கிலோவில் வரும். 1.05 மீட்டர் சுற்றளவு, 1.2 மீட்டர் நீளம் உள்ள பன்றி ஏறக்குறைய 92 கிலோ.

தீவனத்தைத் தாண்டி வேறு சில காரணங்களும் உண்டு. காயடித்த ஆணைவிடப் பெட்டையின் கொழுப்பு சற்று மென்மை. காயடிக்காத ஆணில் இன்னும் மென்மை. பதப்படுத்தும் தேவைக்குக் காயடித்த ஆண்களை ஒதுக்கி, 100 கிலோ வரை வளர்த்து எடுப்பது நல்லது. வளர்ச்சிக்காக மயில்துத்தத்தை (தாமிர சல்பேட்டை) அதிக அளவில் தொடர்ந்து கொடுத்தாலும் கொழுப்பு இளகும். கடைசிக் கட்டத்தில் தாமிரம் தாதுக் கலவையில் இருக்கும் அளவோடு நிற்கட்டும். வைட்டமின் ஈ கிலோ தீவனத்துக்கு 100 முதல் 200 மில்லிகிராம் கொடுத்தால் காறல் தள்ளிப்போகும். கொழுப்பைக் கெட்டியாக்கும் வேலையை அது செய்யாது. அதை நம்பித் தவிட்டைக் கூட்டாதீர்கள்.

பச்சைத் தவிட்டைச் சேமிப்பதிலும் கவனம் வேண்டும். நெல் தீட்டியவுடன் தவிட்டில் உள்ள நொதி எண்ணெயைச் சிதைக்கத் தொடங்கிவிடும். ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்குங்கள். கசப்பு வாடை வந்த தவிட்டைப் பன்றி ஒதுக்கும்; தின்றாலும் வளர்ச்சி குறையும். பழைய தவிட்டில் லினோலிக் குறைந்திருக்கும் என்று எண்ண வேண்டாம்.

அறுத்த பிறகு சோதிப்பது

ஒவ்வொரு தொகுதியிலும் இரண்டு மூன்று பன்றிகளைச் சோதித்தால் அடுத்த தொகுதிக்குத் தீவனத்தைத் திருத்தலாம். எப்போதும் ஒரே இடத்தில் மாதிரி எடுங்கள்: கடைசி விலா எலும்பின் நேரே, முதுகின் நடுவில், தோலில் இருந்து சதை வரை முழு அடுக்கும். காரணம், உடலில் இடத்துக்கு இடம் கொழுப்பு மாறும். வெளி அடுக்கு உள் அடுக்கைவிட மென்மை. தாடைக் கொழுப்பு அதைவிட மென்மை. சிறுநீரகத்தைச் சுற்றிய கொழுப்புதான் எல்லாவற்றிலும் கெட்டி. சிறுநீரகக் கொழுப்பைப் பார்த்துப் பன்றி முழுவதும் கெட்டி என்று முடிவு கட்டினால் ஏமாந்து போவீர்கள். அதுவே இளகியிருந்தால் தீவனம் மிக மோசம் என்று அறியலாம்.

முதல் சோதனை விரல். 4 டிகிரி குளிரில் 24 மணி நேரம் இருந்த துண்டை அழுத்துங்கள். பள்ளம் விழுந்து நிற்கக் கூடாது, விரலில் எண்ணெய் ஒட்டக் கூடாது. துண்டை ஒரு முனையில் பிடித்துக் கிடையாக நீட்டினால் தொங்கிவிடாமல் நிற்க வேண்டும்.

இரண்டாவது உருகுநிலை. 100 கிராம் கொழுப்பைச் சின்னத் தீயில் உருக்கி வடிகட்டுங்கள். மெல்லிய கண்ணாடிக் குழாயில் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு ஏற்றி, குளிர்சாதனப் பெட்டியில் ஓர் இரவு உறைய விடுங்கள். மறுநாள் குழாயை வெப்பமானியோடு சேர்த்துக் கட்டி, குளிர்ந்த நீருள்ள பாத்திரத்தில் வைத்து, நிமிடத்துக்கு ஒரு டிகிரி ஏறும்படி மெதுவாகச் சூடாக்குங்கள். கொழுப்பு குழாயில் நகரத் தொடங்கும் வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். நல்ல முதுகுக் கொழுப்பு 30 டிகிரியைத் தாண்டியே நகரும். ஒரு தொகுதிக்கும் அடுத்ததற்கும் உள்ள வேறுபாட்டைப் பார்ப்பதுதான் இதன் பயன். எண்ணை எழுதும்போது அந்தத் தொகுதி கடைசி எட்டு வாரம் தின்ற கலவையையும் பக்கத்திலேயே எழுதிவையுங்கள்.

சாசேஜ் தொழிற்சாலைக்கோ வெளிமாநிலத்துக்கோ ஒப்பந்தம் போடுகிறவர்கள் ஆய்வகத்தில் கொழுப்பமிலப் பகுப்பாய்வு செய்துகொள்வது நல்லது. அறிக்கையில் பார்க்க வேண்டியவை இரண்டு: லினோலிக் 15 சதவீதத்துக்குக் கீழ் இருக்கிறதா, லினோலெனிக் ஒரு சதவீதத்தை ஒட்டி நிற்கிறதா. லினோலிக் 18க்கு மேல் வந்தால் பச்சைத் தவிட்டையும் கழிவின் எண்ணெயையும் சந்தேகியுங்கள். லினோலெனிக்கும் கூடியிருந்தால் தீவனத்தில் சோயா எண்ணெயோ முழு சோயாவோ ஆளி விதையோ சேர்ந்திருக்கும். லினோலிக் சரியாக இருந்தும் கொழுப்பு மெல்லிதாக, அடுக்கு பிரிந்து இருந்தால் பன்றி போதுமான அளவு தின்னவில்லை, அல்லது எடை வருவதற்கு முன்பே அறுத்திருக்கிறீர்கள். அங்கே கலவையை மாற்ற வேண்டியதில்லை, இன்னும் மூன்று வாரம் வைத்திருந்து அறுக்க வேண்டும்.